மூச்சை எந்தக் கணக்கில் எழுதுவது? - பேரழிவுக்குப் பின் வந்த மன-உடல் பயிற்சிகளின் கதை

ஒரு நிவாரண முகாமின் பொருள் பட்டியலைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள். அரிசி, மண்ணெண்ணெய், பாய், போர்வை, வேட்டி, சேலை, குளோரின் மாத்திரை. கொஞ்ச நாள் கழித்து வலை, எஞ்சின், படகு. எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு, விலை உண்டு. கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் இந்தப் பட்டியலில் அடங்காத ஒன்றும் வந்து இறங்கியது. "கண்ணை மூடி உட்காருங்கள், மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள்" என்று சொல்லும் பயிற்சி.

பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு மூச்சுப் பயிற்சியா? முதலில் கேட்கும்போது கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடு நின்றுவிடாமல் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பாஸ்டனில் தொடங்கி பெங்களூர், போபால், யாழ்ப்பாணம் வழியாக நாகப்பட்டினம் வரும் வரலாறு.

ஒரு சின்ன முன்னுரை. நான் படிப்பது பி.காம். மருத்துவமும் தெரியாது, உளவியலும் தெரியாது. ஆனால் ஒரு செலவு ஏன் வந்தது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது, பதிலுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரை. :-)

1. பெருமூச்சை எழுதிவைத்த டாக்டர்

1942 நவம்பர் 28. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்ற இரவு விடுதியில் தீப்பிடித்தது. 492 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களையும் இறந்தவர்களின் உறவினர்களையும் கவனித்த மருத்துவர்களில் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் ஒருவர். அவர்களிடம் கண்டதை வைத்து 1944ல் துக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பேரழிவுக்குப் பிந்தைய மனநலம் என்ற துறையே அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு.

அதில் அவர் முதலில் பட்டியலிட்டவை உடம்பின் குறிகள். தொண்டை அடைத்துக்கொள்வது, மூச்சு முட்டுவது, திரும்பத் திரும்பப் பெருமூச்சு விடுவது, வயிறு வெறுமையாகத் தோன்றுவது, கை கால் வலுவிழந்து போவது. இவை அலை அலையாக வரும், ஒவ்வோர் அலையும் இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீடிக்கும் என்றும் குறித்துவைத்தார்.

இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? நம் ஊரில் இதைச் சொல்ல டாக்டர் தேவைப்படவில்லை. "நெஞ்சை அடைக்குது", "வயிறு எரியுது", "மூச்சு நின்னுபோச்சு", "உடம்பே ஆடிப்போச்சு" என்று நாம் துக்கத்தை எப்போதும் உடம்பில் வைத்துத்தான் பேசுகிறோம். இழவு வீட்டில் பெண்கள் வட்டமாகத் தோளில் கைபோட்டு அமர்ந்து, உடம்பை அசைத்து அசைத்து ஒப்பாரி வைக்கிறார்களே, அதற்குள்ளும் மூச்சு இருக்கிறது, தாளம் இருக்கிறது, குழு இருக்கிறது. பேரழிவு வரும்போது நடப்பது என்னவென்றால், இந்த ஏற்பாடே உடைந்துபோகிறது. உடல் கிடைக்காத போது யாருக்கு ஒப்பாரி வைப்பது? தெருவே போய்விட்ட போது யார் வந்து உட்காருவார்கள்?

2. உடம்பைத் தளர்த்தும் வித்தை

லிண்டமனுக்கும் முன்பே எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தினால் பதற்றம் குறையும் என்று சொல்லி 1929ல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். 1975ல் ஹெர்பர்ட் பென்சன் என்ற ஹார்வர்ட் இதயநோய் மருத்துவர் தியானத்தையும் ஜெபத்தையும் ஆராய்ந்து, அவற்றில் உடம்பு அமைதியடையும் வழி ஒன்றுதான் என்று எழுதினார். ஒரு சொல்லையோ மூச்சையோ திரும்பத் திரும்பக் கவனிப்பது, வேறு நினைப்பு வந்தால் சண்டை போடாமல் திரும்பி வருவது, அவ்வளவுதான். இதயத் துடிப்பும் மூச்சின் வேகமும் குறைகின்றன.

1979ல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸில் தியானத்தை மருத்துவமனைக்குள் ஒரு வகுப்பாகவே கொண்டுவந்தார். 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்ற பெயரைச் சேர்த்தது. பி.டி.எஸ்.டி. என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஒரு பக்கம் நோய்க்குப் பெயர் வந்துவிட்டது. இன்னொரு பக்கம் உடம்பைத் தளர்த்தும் வித்தை மருத்துவமனை ஏறிவிட்டது. இரண்டும் ஒரு முகாமில் சந்திக்க இன்னும் காலம் பிடித்தது.

3. நம் நாட்டில்: சர்க்கஸ் கூடாரமும் விஷவாயுவும்

1981 பிப்ரவரி 7ல் பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி எரிந்தது. 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதே ஊரில் இருந்த நிம்ஹான்ஸ் நிறுவனத்தினர் குழந்தைகளை இழந்த குடும்பங்களின் துக்கத்தை ஆராய்ந்தார்கள். இந்தியாவில் பேரழிவையும் மனநலத்தையும் சேர்த்துப் பார்த்த முதல் ஆய்வுகளில் அது ஒன்று.

அடுத்தது போபால், 1984 டிசம்பர் 2 நள்ளிரவு. கண், நுரையீரல் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தபோது மனதைக் கவனிக்க ஆரம்பத்தில் ஏற்பாடு எதுவும் இல்லை. லக்னோ மருத்துவக் கல்லூரிக் குழுவினர் பிறகு வந்து பாதிக்கப்பட்ட பகுதியின் 10 சிகிச்சை மையங்களில் 855 பேரைப் பார்த்தபோது 193 பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இத்தனை பேருக்கு மனநல மருத்துவருக்கு எங்கே போவது? அதனால் அங்கே இருந்த சாதாரண அரசு மருத்துவர்களுக்கே நிம்ஹான்ஸ் பயிற்சி கொடுத்தது.

அங்கே தொடங்கிய வழி பிறகு கீழே கீழே இறங்கிக்கொண்டே வந்தது. 1999 அக்டோபர் 29ல் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியபோது கிராமத்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து 'ஸ்நேககர்மி' என்று பெயர் வைத்தார்கள். நட்பாகப் பணி செய்பவர் என்று பொருள். டாக்டரிலிருந்து ஊர்க்காரர் வரை, 15 ஆண்டுகளில்.

4. நடுவில் ஒரு தவறான திருப்பம்

மேற்கில் இதே காலத்தில் வேறொரு முறை சூடுபிடித்தது. 1983ல் ஜெஃப்ரி மிட்செல் தீயணைப்பு வீரர்களையும் ஆம்புலன்ஸ் பணியாளர்களையும் மனதில் வைத்து ஒரு முறையை எழுதினார். சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விவரமாகப் பேசவைப்பது. "உள்ளே வைத்திருந்தால் புழுங்கும், கொட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்ற எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

1997ல் பிரிட்டனில் தீக்காய நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். 13 மாதம் கழித்துப் பார்த்தால், பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். இது போன்ற சோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கை, எல்லோருக்கும் கட்டாயமாக ஒரே ஒரு அமர்வு நடத்தும் இந்த வேலையை நிறுத்தவேண்டும் என்றே 2002ல் சொல்லிவிட்டது.

இந்தத் திருப்பம் முக்கியம். நல்ல எண்ணத்தோடு கொடுத்தாலும் மனசுக்கான உதவி தீங்கு செய்யலாம் என்பது எண்களில் தெரிந்த இடம் இது. கெட்டுப்போன அரிசியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கெட்ட ஆலோசனையை 13 மாதம் கழித்து அளந்தால்தான் தெரிகிறது.

5. யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே நடந்தது

சுனாமிக்கு முன்பே, போர் நடந்த இலங்கையின் வடகிழக்கில், இந்த வேலையைத் தமிழில் செய்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களில் முக்கியமானவர். போர் மனிதர்களை மட்டும் அல்ல, ஊர் என்ற உறவையே காயப்படுத்துகிறது என்பதைக் கூட்டு மனவடு என்ற கருத்தாக 2007ல் விரிவாக எழுதினார்.

அவரும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பென்சன் சொன்ன அதே தளர்வுப் பயிற்சியை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எந்தச் சொல்லைத் திரும்பச் சொல்வது என்பதை வருபவரிடமே விட்டார்கள். இந்துவுக்கு ஓம் அல்லது மந்திரம், முஸ்லிமுக்குத் திக்ர், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. பயிற்சி புதிது இல்லை, பாட்டி செய்ததுதான், இப்போது அதற்கு இன்னொரு பயனும் உண்டு என்கிற மாதிரி. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து "இதுதான் அறிவியல்" என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

மட்டக்களப்பில் 1996ல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்று தொடங்கியது. பால் ஹோகன் என்ற கனடியக் கலைஞரும் பால் சற்குணநாயகம் என்ற இயேசு சபைப் பாதிரியாரும் சேர்ந்து தொடங்கியது. தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் ஒன்றாக வந்து மண்ணைப் பிசைந்து, வண்ணம் பூசி, கதை சொல்லி, நடித்து விளையாடினார்கள். "உனக்கு என்ன நடந்தது சொல்லு" என்று யாரும் அதட்டிக் கேட்கவில்லை. பாஸ்டன், ஹார்வர்ட் என்று பெரிய பெயர்களைப் பார்த்துவிட்டு வந்தால், இந்தப் பூங்காவும் அதே வரலாற்றில் ஓர் அத்தியாயம்தான் என்று புரிகிறது.

6. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு

தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர். அதில் 6,000க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். இலங்கையில் 30,000க்கும் மேல். கடற்கரைக் கிராமங்களில் இறந்தவர்களில் குழந்தைகளும் பெண்களும் மிக அதிகம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பின் பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த பெற்றோருக்கு, மீண்டும் கருத்தரிக்க வழிசெய்யும் மறு அறுவையை அரசு செலவில் செய்து தரத் தமிழக அரசு முன்வந்தது. துக்கம் மனசில் மட்டும் இல்லை, உடம்பிலும் இருக்கிறது என்பதை ஓர் அரசாங்கம் இதைவிட நேராக ஒப்புக்கொண்டது உண்டா என்று தெரியவில்லை.

உதவிக்கு வந்தவர்களின் கூட்டமும் பெரிது. நிம்ஹான்ஸ் வந்தது, பல்கலைக்கழகங்கள் வந்தன, யோகா அமைப்புகள் வந்தன, வெளிநாட்டு ஆலோசகர்களும் வந்தார்கள். இலங்கையில் மொழி தெரியாமல், சில நாட்கள் மட்டும் தங்கி, கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு போனவர்கள் பற்றிப் பின்னாளில் கடுமையான விமர்சனம் எழுந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே நடந்த மூன்று ஆய்வுகளைப் பார்ப்போம்.

முதலாவது அந்தமான். ஷெர்லி டெல்லஸும் அவருடன் பணியாற்றியவர்களும் முகாம்களில் இருந்த 47 பேருக்கு ஒரு வாரம் யோகா கற்றுக்கொடுத்தார்கள். பயம், பதற்றம், துக்கம், தூக்கக் கேடு நான்கும் குறைந்ததாக அவர்களே மதிப்பிட்டார்கள். மூச்சின் வேகத்தையும் கருவி வைத்து அளந்தார்கள், அதுவும் குறைந்திருந்தது. ஆய்வு 2007ல் வெளிவந்தது. ஆனால் பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு இதில் இல்லை. நாள் ஆக ஆகத் தானாகவே குறைந்ததா, யோகாவால் குறைந்ததா என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது.

இரண்டாவது நாகப்பட்டினம். முகாம்களில் இருந்த 183 பேர். அதிர்ச்சியின் அளவை மதிப்பிடும் 17 கேள்விகள் கொண்ட பட்டியலில் எல்லோருமே 50 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றவர்கள், அதாவது நன்றாகவே பாதிக்கப்பட்டவர்கள். ஒரு குழுவுக்கு உஜ்ஜாயி, பஸ்த்ரிகா போன்ற பிராணாயாமங்கள் அடங்கிய மூச்சுப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு மூச்சுப் பயிற்சியோடு, நடந்ததைப் பேசிக் கடக்கும் சிகிச்சையும் சேர்த்து. மூன்றாவது குழு ஆறு வாரம் காத்திருந்தது. ஆறு வார முடிவில் முதல் இரண்டு குழுக்களின் மதிப்பெண்ணும் பெரிய அளவில் இறங்கியது. காத்திருந்த குழுவில் அப்படி ஒன்றும் மாறவில்லை. பேச்சு சிகிச்சையைச் சேர்த்ததால் கூடுதல் லாபம் தெரியவில்லை. 2010ல் வெளியான இந்த ஆய்வு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு குறை: யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை.

மூன்றாவதுதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. வடகிழக்கு இலங்கை, சுனாமி நடந்து மூன்றே வாரம். 8 முதல் 14 வயது வரை உள்ள 31 குழந்தைகள். போரையும் பார்த்து, அலையையும் பார்த்த குழந்தைகள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 16 பேருக்கு, தன் வாழ்க்கைக் கதையைப் பிறந்ததிலிருந்து வரிசையாகச் சொல்லவைத்து அதிர்ச்சியான இடங்களைக் கடக்கவைக்கும் சிகிச்சை. 15 பேருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறு அமர்வு. நடத்தியவர்கள் ஏற்கெனவே இதில் பயிற்சி பெற்றிருந்த உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துக் கதை சொன்ன குழுவில் 81 சதவீதம், தியானக் குழுவில் 71 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். 2009ல் வெளியான இந்த ஆய்வில் இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு.

எதிரெதிரான இரண்டு முறைகள். ஒன்று நினைவைத் தோண்டுகிறது, மற்றது நினைவை விட்டுவிட்டு மூச்சைப் பிடிக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து விட்டன. அப்படியானால் இரண்டிலும் பொதுவாக இருந்தது எது? தன் மொழி பேசும் ஒரு பெரியவர், குறித்த நேரத்தில், ஆறு தடவை, தவறாமல் வந்து உட்கார்ந்தார். காலமும் தன் பங்குக்கு வேலை செய்திருக்கும். ஒப்பிட, எதுவுமே பெறாத குழு இங்கே இல்லை என்பதால் எந்தப் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2008ல் பீகாரில் கோசி வெள்ளம் வந்தபோது டெல்லஸ் குழுவினர் அந்தமானில் விட்ட குறையைச் சரிசெய்தார்கள். 22 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் தினம் ஒரு மணி நேரம் என ஒரு வாரம் யோகா. யோகா குழுவில் துக்கம் குறைந்தது. மற்ற குழுவில் பதற்றம் கூடியிருந்தது. எண்ணிக்கை சின்னது, காலமும் சின்னது. ஆனால் முறை நேர்மையானது.

7. கொசோவோ ஆசிரியர்கள்

கடலை விட்டு ஒரு நிமிடம் வெளியே போய்வருவோம். 1998-99 போருக்குப் பின் கொசோவோவில் ஜேம்ஸ் கார்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் அமைப்பு மன-உடல் பயிற்சிக் குழுக்களை நடத்தியது. தியானம், மூச்சு, உடல் அசைவு, ஓவியம், கற்பனைக் காட்சி எல்லாம் கலந்த 12 அமர்வுகள். நடத்தியவர்கள் டாக்டர்கள் இல்லை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள். 82 மாணவர்களிடம் நடந்த சோதனை 2008ல் வெளியானது. பயிற்சி தொடங்கும்போது எல்லோருமே பி.டி.எஸ்.டி. வரையறைக்குள் இருந்தார்கள். பயிற்சி முடித்த குழுவில் அது 18 சதவீதமாகக் குறைந்தது. குலுக்கல் முறையில் பிரித்து, காத்திருப்புக் குழுவோடு ஒப்பிட்ட சோதனை இது.

போபாலில் அரசு மருத்துவர், ஒடிசாவில் ஸ்நேககர்மி, வடகிழக்கு இலங்கையில் உள்ளூர் ஆலோசகர், கொசோவோவில் வாத்தியார். நல்ல பலன் வந்த இடங்களில் எல்லாம் கற்றுக்கொடுத்தவர் அதே ஊரில் மறுநாளும் இருக்கப்போகிறவர். இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

8. இப்போது கணக்கு

மன-உடல் பயிற்சியின் பெரிய கவர்ச்சி அதன் செலவு. ஒரு பாய், ஒரு கூடம், ஒரு பயிற்சியாளர். ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் கற்றுக்கொடுக்கலாம். மருந்து வேண்டாம், நோய் என்று பெயர் சூட்ட வேண்டாம், "பைத்தியக்கார டாக்டரிடம் போனாள்" என்ற பேச்சும் வராது. கற்றுக்கொண்டது கையோடு வரும், அடுத்த புயலுக்கும் உதவும். ஒரு தலைக்கு ஆகும் செலவைப் போட்டுப் பார்த்தால் நிவாரணப் பொருட்களிலேயே மலிவானது இதுவாகத்தான் இருக்கும்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மலிவான பொருள், விலை உயர்ந்த பொருளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வீடு கட்டித்தர மூன்று ஆண்டு ஆகும், மூச்சுப் பயிற்சியை நாளைக்கே தொடங்கலாம், படமும் நன்றாக வரும்.

தாய்லாந்தில் சுனாமி பாதித்த தென்பகுதியில் நடத்திய ஆய்வு ஒன்று 2006ல் வெளியானது. இடம்பெயர்ந்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. அறிகுறிகள், 37 சதவீதம் பேருக்குப் பதற்றம், 30 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. இந்த மூன்றோடும் தனித்தனியே தொடர்புள்ளதாக நின்ற ஒரு காரணம் எது தெரியுமா? பிழைப்பை இழந்தது. படகு போனவன், கடை போனவன், கூலி போனவன். அதாவது வங்கிக் கடனும் வலையும் எஞ்சினும் கூட மனநலச் செலவுதான்! எங்கள் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டாகப் பிரிப்போம். மூச்சுப் பயிற்சி வருவாய்ச் செலவு மாதிரி, அன்றைய நாளை ஓட்டித் தரும். படகு மூலதனம். ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தால் அது தவறான கணக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. பயிற்சியைக் கொடுக்கிறவரே அதன் பலனையும் அளந்தால்? கல்லாவில் இருப்பவரே தணிக்கையும் செய்யக்கூடாது என்பது முதல் வருடப் பாடம். மேலே சொன்ன ஆய்வுகளைப் படிக்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பலன் இல்லை என்று சொல்ல வரவில்லை. வேறொருவர் அளந்தும் அதே விடை வந்தால் நம்பிக்கை கூடும், அவ்வளவுதான்.

மதமும் இடையில் வரும். அரிசி வாங்க வரிசையில் நிற்பவர் "இந்த மந்திரத்தைச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லும் நிலையில் இருக்கிறாரா? வேளாங்கண்ணியும் நாகூரும் சிக்கல் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கடற்கரை அது. சொல்லை வருபவரிடமே விட்ட யாழ்ப்பாண முறை இங்கேதான் எவ்வளவு புத்திசாலித்தனமானது என்று தெரிகிறது.

9. சுனாமி விட்டுச்சென்ற விதிகள்

இந்த அனுபவங்களுக்குப் பிறகு 2007ல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த கூட்டுக் குழு ஒன்று அவசர கால மனநல உதவிக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. அதன் மையத்தில் ஒரு பிரமிடு. அடியில் உணவு, பாதுகாப்பு, உறைவிடம் போன்றவற்றை மரியாதையோடு கொடுப்பது. அதற்கு மேல் குடும்பமும் ஊரும் மீண்டும் ஒன்றுசேர உதவுவது. அதற்கு மேல் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களின் உதவி. உச்சியில், சிலருக்கு மட்டும், மனநல நிபுணர். மன-உடல் பயிற்சி பெரும்பாலும் நடு அடுக்குகளில் வரும். அடி அடுக்கு இல்லாமல் நடு அடுக்கு அந்தரத்தில் நிற்காது என்பதுதான் அந்தப் படத்தின் பொருள்.

பிறகு உலக சுகாதார நிறுவனமே மன அழுத்தத்தைக் கையாளும் ஒரு பயிற்சியை உருவாக்கியது. ஐந்து அமர்வு, ஒலிப்பதிவிலேயே பாடம், நடத்த நிபுணர் வேண்டாம். உகாண்டாவில் இருந்த 694 தென் சூடான் அகதிப் பெண்களிடம் சோதித்து 2020ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதம் கழித்தும் பலன் இருந்தது, ஆனால் அளவில் சிறியது. எனக்கு இந்தச் "சிறியது" பிடித்திருக்கிறது. பெரிய எண்ணிக்கையில், கவனமாக அளந்தால் விடை இப்படி அடக்கமாகத்தான் வருகிறது. சின்னக் குழுக்களில் வந்த பெரிய எண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

10. அடுத்த புயல் வரும்போது

2018 நவம்பர் 16ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. சுனாமி அடித்த அதே மாவட்டம். இம்முறை கடலோரத்தோடு நிற்காமல் உள்ளே இருந்த தென்னந்தோப்புகளையும் சாய்த்துவிட்டுப் போனது. பத்து, இருபது வருடம் வளர்த்த மரத்தை இழந்தவருக்கும் நெஞ்சடைப்பும் பெருமூச்சும் வரும். அவரிடம் போய்க் கண்ணை மூடச் சொல்வதற்கு முன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவது இவைதான்:

அ) கற்றுக்கொடுப்பவர் அடுத்த வருடமும் அந்த ஊரில் இருப்பாரா? இல்லையென்றால் உள்ளூரில் யாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார்?

ஆ) வேண்டாம் என்று சொன்னால் அரிசியும் தார்ப்பாயும் தடையில்லாமல் கிடைக்குமா?

இ) பிழைப்புக்கான உதவி இதோடு சேர்ந்து வருகிறதா, இதற்குப் பதிலாக வருகிறதா?

ஈ) ஆறு மாதம் கழித்து யார் வந்து அளக்கப்போகிறார்கள்?

நாலுக்கும் நல்ல பதில் இருந்தால், முதலில் வந்த கோபத்தை நான் விட்டுவிடத் தயார். பெருமூச்சு விடும் உடம்புக்கு மூச்சிலேயே ஓர் உதவி இருக்கிறது என்பதற்கு மேலே பார்த்த ஆய்வுகள் ஓரளவு சாட்சி சொல்கின்றன. நாலில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்தச் செலவை நலத்திட்டம் என்ற தலைப்பில் எழுதாமல் விளம்பரம் என்ற தலைப்பில் எழுதிவிடலாம்.

உங்கள் பகுதியில் புயலுக்கோ வெள்ளத்துக்கோ பிறகு இப்படி ஏதாவது பயிற்சி நடந்து, அதில் உட்கார்ந்தவர்களை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போதும் அதைச் செய்கிறீர்களா? எந்தப் புள்ளிவிவரத்தையும் விட அந்தப் பதில் எனக்கு முக்கியம்.